கொலை வழக்கும் மனநிலை மதிப்பீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடூரமான ஒரு கொலைச் செய்தி வந்துவிட்டால் போதும், அடுத்த சில நாட்களுக்கு அதே கேள்விகள் மறுபடியும் வரத் தொடங்கும். உளவியல் மாணவர்கள் கேட்பார்கள், இளம் வழக்கறிஞர்கள் கேட்பார்கள், தொலைக்காட்சி பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தவர்களும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எடுத்து, பதில்களை இங்கே ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இந்தியச் சட்டம். வேறு நாட்டைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் என்ன பார்க்கிறார்? ஆளோட மனசையே படிச்சிடுவாரா?

மனதைப் படிக்க எந்தக் கருவியும் கிடையாது. நீதிமன்றம் ஒரு கேள்வியை எழுதி அனுப்புகிறது, அதற்கு மட்டும் பதில் தேடுவதுதான் வேலை. அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். சம்பவம் நடந்த நேரத்தில் அவர் மனநிலை எப்படி இருந்தது? இப்போது வழக்கைப் புரிந்துகொண்டு, தன் வக்கீலிடம் பேசி, தன் தரப்பைச் சொல்லும் நிலையில் இருக்கிறாரா? இனிமேல் என்ன ஆபத்து இருக்கிறது, தண்டனை விதிக்கும்போது எதையெல்லாம் கணக்கில் கொள்ள வேண்டும்?

அன்று, இன்று, நாளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குக் கிடைத்த பதிலை இன்னொன்றுக்குப் பயன்படுத்த முடியாது. இன்று தெளிவாகப் பேசுகிறார் என்பதால் அன்றும் தெளிவாக இருந்தார் என்று ஆகிவிடாது. கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றையும் கலந்துவிடுவதால் வருபவைதான்.

இதை சைக்யாட்ரிஸ்ட் செய்வாரா, சைக்காலஜிஸ்ட் செய்வாரா?

இருவரும் செய்வார்கள். நோய் இருக்கிறதா, என்ன நோய், மருந்து என்ன என்பது மனநல மருத்துவரின் பகுதி. அறிவுத்திறன், நினைவாற்றல், ஆளுமை ஆகியவற்றுக்கான சோதனைகள் மருத்துவ உளவியலாளரின் பகுதி. சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களில் இருவரும் சேர்ந்து பார்த்து அறிக்கை தருவது வழக்கம். அறிக்கை ஒரு நிபுணர் கருத்து, அவ்வளவுதான். முடிவு நீதிபதியுடையது. அறிக்கை எழுதியவர் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியும் வரும்.

இவ்வளவு கொடூரமா வெட்டியிருக்கான். பைத்தியமா இல்லாம ஒருத்தன் இப்படிச் செய்வானா?

செய்வான். சொத்துத் தகராறு, சாதி வெறி, சந்தேகம், பழிவாங்கும் எண்ணம், குடி என்று எந்த மனநோயும் இல்லாதவர்கள் செய்த கொடூரங்கள்தான் நம் நீதிமன்றக் கோப்புகளில் அதிகம். எத்தனை வெட்டு விழுந்தது என்பது கோபத்தைக் காட்டலாம், பயத்தைக் காட்டலாம், போதையைக் காட்டலாம். அதை வைத்து நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

காரணமே தெரியவில்லை, கொன்றுவிட்டு ஓடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான் என்று சொல்வதும் உண்டு. இந்த இரண்டை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கருத முடியாது என்று 1972-லேயே உச்ச நீதிமன்றம் ஷெரல்லி வலி முகமது வழக்கில் சொல்லிவிட்டது. இவையெல்லாம் பரிசோதிக்கத் தூண்டும் தடயங்கள். அவற்றை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதன் மறுபக்கம் எனக்கு இன்னும் முக்கியம். ஒவ்வொரு கொலைக்கும் மனநோய்ப் பட்டம் கட்டும்போது, மாத்திரை சாப்பிட்டு, வேலைக்குப் போய், அமைதியாக வாழும் லட்சக்கணக்கானவர்கள் மீது அந்தப் பழி விழுகிறது. அமெரிக்காவில் 1998-ல் வெளியான மெக்கார்தர் ஆய்வு, மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை அதே பகுதியில் வாழும் மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. போதைப் பழக்கம் இல்லாத நோயாளிகள் வன்முறையில் அக்கம்பக்கத்தவரை விட அதிகமாக ஈடுபடவில்லை. போதை சேர்ந்தபோது இரு தரப்பிலுமே வன்முறை கூடியது.

டிவியில 'சைக்கோ கொலையாளி'னு சொல்றாங்களே, அது மனநோய்தானே?

அந்தப் பட்டத்துக்குள் இரண்டு வெவ்வேறு நிலைகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று சைக்கோசிஸ். ஸ்கிசோஃப்ரினியா போன்ற நோய்களில் இது வரும். இல்லாத குரல் கேட்கும், நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்புவார்கள், நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும். மருந்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும். மற்றது சைக்கோபதி. இதில் நிஜத்தோடு தொடர்பு நன்றாகவே இருக்கும். பிறர் வலி உறைக்காது, குற்ற உணர்வு வராது, பொய் சரளமாக வரும்.

சைக்கோபதியை அளக்க கனடாவைச் சேர்ந்த ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியலில் 20 அம்சங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 40-க்கு 30 வந்தால் சைக்கோபதி என்று வட அமெரிக்காவில் கொள்கிறார்கள். பேட்டி மட்டும் போதாது, பழைய ஆவணங்களையும் பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி 'நான் சைக்கோவா' என்று பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சட்டத்தின் கண்ணில், சைக்கோபதி இருப்பதால் ஒருவர் தண்டனையிலிருந்து தப்ப முடியாது. தான் செய்வது என்ன, அது தவறா என்பது அவருக்குத் தெரியும்.

அப்போ மனநோய்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டா தப்பிச்சிடலாமா?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. சான்றிதழ் மட்டும் போதாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவாக இருக்கிறது. சித்த சுவாதீனம் இல்லாததால், செயலைச் செய்யும் நேரத்தில் அதன் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு எதிரானது என்பதையோ அறிய முடியாத நிலையில் இருந்தால் மட்டுமே அது குற்றமாகாது. நோய் இருந்தால் மட்டும் போதாது, அந்த நோய் அந்த நேரத்தில் அந்த அறிவைப் பறித்திருக்க வேண்டும். 'தவறு என்று தெரியும், கையை அடக்க முடியவில்லை' என்று சொன்னால் இந்தப் பிரிவு உதவாது.

இதன் வேர் லண்டனில் இருக்கிறது. 1843 ஜனவரியில் டேனியல் மெக்நாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். பீலின் கட்சி தன்னைத் துரத்தித் துன்புறுத்துவதாக நம்பியவர் அவர். நடுவர் குழு அவரை விடுவித்ததும் நாடே கொதித்தது. அதன்பின் நீதிபதிகள் பிரபுக்கள் சபைக்குக் கொடுத்த விளக்கம்தான் மெக்நாட்டன் விதி. நம் சட்டமும் ஏறக்குறைய அதே வழியில் நிற்கிறது.

நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மீது. ஆனால் அரசுத் தரப்பைப் போல ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, சிவில் வழக்கு அளவுக்கு, அதாவது அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். தாஹ்யாபாய் தக்கர் வழக்கில் 1964-ல் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் இது. நடைமுறையில் இந்த வாதம் பெரும்பாலும் தோற்றுத்தான் போகிறது. மருந்துச் சீட்டு, மருத்துவமனைப் பதிவேடு என்று எதுவுமே இல்லாத ஏழைக் குடும்பங்களில், உண்மையாகவே நோய் உள்ளவர்களும் இதில் தோற்றுப்போவது எனக்கு ஆறாத வருத்தம்.

கொலை நடந்து ரெண்டு வருஷம் கழிச்சுப் பரிசோதிக்கிறாங்க. அன்னிக்கு மனநிலை எப்படி இருந்ததுன்னு எப்படித் தெரியும்?

கடினமான வேலைதான். தாஹ்யாபாய் வழக்கே இதற்கும் வழி சொல்கிறது: சம்பவத்துக்கு முன், சம்பவத்தின்போது, சம்பவத்துக்குப் பின் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அதனால் நல்ல மதிப்பீட்டில் பாதி நேரம் காகிதத்தோடு போகும். கசங்கிப்போன ஓ.பி. சீட்டில் என்ன மருந்து எழுதியிருக்கிறது, கடைசியாக எப்போது வாங்கினார்கள்? தூக்கம் எப்போதிலிருந்து கெட்டது? சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று தானே சமைத்துச் சாப்பிட ஆரம்பித்தது எந்த மாதம்? வேலைக்குப் போவதை எப்போது நிறுத்தினார்? அம்மா ஒன்று சொல்வார், டீக்கடைக்காரர் ஒன்று சொல்வார். இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

சம்பவத்தை ஒட்டியவையும் அதே அளவு முக்கியம். ஆயுதத்தை முன்கூட்டியே வாங்கினாரா, ஆள் இல்லாத நேரம் பார்த்தாரா, ரத்தத்தைக் கழுவினாரா, யாருக்காவது போன் செய்தாரா? கைதான அன்று மாஜிஸ்திரேட்டிடம் என்ன பேசினார், சிறைக்குள் நுழையும்போது சிறை மருத்துவர் என்ன எழுதினார்? முதல் சில நாட்களின் இந்தக் குறிப்புகள் இரண்டு ஆண்டு கழித்து எடுக்கும் பேட்டியை விட மதிப்பு மிக்கவை. மறைக்கப் பார்த்தார் என்பதாலேயே நோய் இல்லை என்றும் முடிவு கட்டக் கூடாது. தன்னைத் துரத்துகிறார்கள் என்று நம்புகிற நோயாளியும் ஒளிந்துகொள்வார்.

நல்லா நடிச்சா கண்டுபிடிப்பாங்களா?

ஒரு மணி நேரம் நடிக்கலாம். வார்டில் நாள் முழுக்க, இரவும் பகலும் நடிப்பது வேறு. அதனால்தான் உள்நோயாளியாக வைத்துக் கவனிக்கிறார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மட்டும் தனியாகப் பேசுகிறாரா, யாரும் பார்க்காதபோதும் பேசுகிறாரா என்று நர்ஸ் குறிப்பேட்டில் இருக்கும். சாப்பாட்டு வரிசையில் முந்திக்கொண்டு நிற்பவர் பேட்டியில் தன் பெயரே தெரியாது என்றால் அதுவும் பதிவாகும்.

நடிப்பவர்கள் பெரும்பாலும் அதிகமாகச் செய்வார்கள். எல்லா அறிகுறியும் தனக்கு இருப்பதாக ஒப்புக்கொள்வார்கள். உண்மையான நோயாளி பல நேரம் குரல் கேட்பதை மறைக்கத்தான் பார்ப்பார். கேட்டால், குரல் விட்டுவிட்டு வரும், பாட்டுப் போட்டால் குறையும், தூங்கப் போகும்போது தொல்லை என்று விவரம் வரும். 'எப்பவும் கேட்குது, கொல்லு கொல்லுனு மட்டும் சொல்லுது' என்பவரை இன்னும் நிதானமாக விசாரிக்க வேண்டும். ஆனால் உண்மையான நோய் உள்ளவர், எங்கே நம்பாமல் போய்விடுவார்களோ என்று மிகைப்படுத்துவதும் உண்டு. 'நடிக்கிறார்' என்று எழுதுவதற்கு, 'நோய் இருக்கிறது' என்று எழுதுவதற்கு வேண்டிய அளவு ஆதாரம் வேண்டும்.

குடிபோதையில செஞ்சுட்டேன், ஒண்ணுமே ஞாபகம் இல்லைன்னு சொன்னா?

அதிகமாகக் குடித்தால் மூளை புதிய நினைவுகளைப் பதிவு செய்யாமல் போகலாம், இது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட நேரத்திலும் அவர் நடந்திருப்பார், பேசியிருப்பார், பூட்டைத் திறந்திருப்பார். பிறகு நினைவில் இல்லை என்பதால் அப்போது அறிவில்லை என்று ஆகாது. தானாகக் குடித்த போதைக்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. அவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு எதிராகவோ கொடுக்கப்பட்டிருந்தால்தான் நியாய சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவு தரும் விலக்கு வரும். நீண்ட காலக் குடியால் வந்த மனநோய் வேறு விஷயம், அதை மற்ற மனநோய்களைப் போலவே மேலே சொன்ன 22-ஆம் பிரிவின் கீழ் பார்ப்பார்கள்.

நார்கோ டெஸ்ட் எடுத்தா உண்மை வெளிய வந்துடுமே, ஏன் எடுக்க மாட்டேங்கிறாங்க?

பென்டோதால் போன்ற மருந்து, ஆளை அரைத் தூக்கத்தில் தளர்த்திப் பேச வைக்கும். அந்த நிலையில் வருவது உண்மையாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம், கேட்பவர் கேள்வியிலேயே கொடுத்த பதிலாகவும் இருக்கலாம். பொய் கண்டறியும் கருவி என்று சொல்லப்படும் பாலிகிராஃப் பொய்யை அளப்பதில்லை. நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை இவற்றைத்தான் அளக்கிறது. பயந்த நிரபராதிக்கும் வியர்க்கும்.

2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், நார்கோ, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை மூன்றையும் ஒருவர் சம்மதம் இல்லாமல் நடத்துவது அரசியல் சட்டத்தின் 20(3), 21 பிரிவுகளுக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மதித்து எடுத்தாலும் அதன் முடிவு சாட்சியமாகாது. அதன் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தக் கண்டெடுப்பை மட்டும் ஏற்கலாம்.

அவனே ஒத்துக்கிட்டான். அப்புறம் என்ன மதிப்பீடு வேண்டிக்கிடக்கு?

2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு பள்ளியில் ஏழு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துநர் கைதானார். கேமராக்கள் முன்பே அவர் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது, நாடே நம்பியது. வழக்கு சி.பி.ஐ.க்கு மாறிய பின், நவம்பரில் அதே பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவன் பிடிக்கப்பட்டான். நடத்துநர் பின்னர் வழக்கிலிருந்தே விடுவிக்கப்பட்டார்.

செய்யாததை ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்? அடி, தூக்கமின்மை, 'ஒத்துக்கிட்டா விட்டுடுவோம்' என்ற பேச்சு. அறிவுத்திறன் குறைந்தவர்கள், சிறுவர்கள், கேட்பவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் இயல்புள்ளவர்கள் சீக்கிரம் உடைவார்கள். ஐஸ்லாந்தில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் கிஸ்லி குட்ஜான்சன், இந்தத் தலையாட்டும் தன்மையை அளக்க ஒரு சோதனையே உருவாக்கினார். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நம் சட்டம் சாட்சியமாக ஏற்காததற்குப் பின்னால் இந்த அனுபவமெல்லாம் இருக்கிறது.

குற்றம் நடந்த இடத்தைப் பார்த்தே ஆள் எப்படிப்பட்டவன்னு சொல்லிடுவாங்களாமே?

இதைப் புரொஃபைலிங் என்பார்கள். விசாரணைக்கு ஒரு யோசனையாக உதவலாம், ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபிக்காது. 1992-ல் லண்டன் விம்பிள்டன் காமனில் ஓர் இளம் தாய் தன் சிறு மகன் கண்ணெதிரே கொல்லப்பட்டார். கொலையாளி இப்படிப்பட்டவராக இருப்பார் என்று உளவியலாளர் வரைந்த சித்திரத்துக்குப் பொருந்துகிறார் என்று ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டது. ஒரு பெண் காவலரை அவரோடு பழகவிட்டு, வாக்குமூலம் வாங்க மாதக்கணக்கில் முயன்றது. 1994-ல் நீதிபதி அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்து வழக்கைத் தூக்கி எறிந்தார். 2008-ல் டி.என்.ஏ. காட்டிக்கொடுத்த இன்னொருவர் ஒப்புக்கொண்டார். அவர் இடைப்பட்ட 1993-ல் மற்றொரு தாயையும் அவர் மகளையும் கொன்றிருந்தவர். சித்திரத்தை நம்பித் தவறான ஆளின் பின்னால் போன காலத்தில் நடந்தது அது.

வெளிய விட்டா மறுபடி செய்வானா? இதைச் சரியா சொல்ல முடியுமா?

முதல் பதிலில் 'நாளை' என்று சொன்னேனே, அதுதான் மூன்றிலும் பலவீனமானது. அமெரிக்காவின் டெக்சாஸில் ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மனநல மருத்துவர், இவர் நிச்சயம் மறுபடி கொல்வார் என்று மரண தண்டனை வழக்குகளில் அடித்துச் சொல்லி வந்தார். சில வழக்குகளில் ஆளைப் பரிசோதிக்காமலே சொன்னார். நீண்ட காலக் கணிப்புகளில் மூன்றில் இரண்டு தவறாகின்றன என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1983-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திடமே எடுத்துச் சொன்னது. 1995-ல் அவரைச் சங்கத்திலிருந்து நீக்கியது.

இப்போது வன்முறை ஆபத்தை மதிப்பிட எச்.சி.ஆர்.-20 போன்ற கட்டமைப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். பழைய வரலாற்றில் 10 அம்சங்கள், இப்போதைய மனநிலையில் 5, வரப்போகும் சூழலில் 5. 'செய்வார், செய்யமாட்டார்' என்று எழுதாமல், எந்தச் சூழலில் ஆபத்து கூடும், எதைச் செய்தால் குறையும் என்று எழுத வேண்டும். குடியை விட்டு, மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டு, அண்ணன் வீட்டில் இருந்தால் ஒரு நிலை. அதே ஆள் தனியாக, மருந்தில்லாமல், பழைய கூட்டாளிகளோடு இருந்தால் வேறு நிலை.

பதினாறு, பதினேழு வயசுப் பையன் கொலை செஞ்சா எப்படி மதிப்பிடுவாங்க?

2015 சிறார் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, 16 வயது நிறைந்து 18 ஆகாதவர் கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், சிறார் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். அந்தக் குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் திறன், நடந்த சூழல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அவன் செய்தானா இல்லையா என்பது இந்தக் கட்டத்தின் கேள்வி இல்லை. செய்தான் என்று எடுத்துக்கொண்டு அறிக்கை எழுதுவது பெரிய தவறு.

மேலே சொன்ன குருகிராம் வழக்கிலேயே 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியது. குழுமத்தில் குழந்தை உளவியல் தெரிந்தவர் இல்லை என்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்றது. விளைவு என்பதைச் சட்ட விளைவு என்று மட்டும் சுருக்கக் கூடாது, இறந்தவனின் குடும்பத்துக்கும் தனக்கும் என்ன ஆகும் என்று யோசிக்க முடிந்ததா என்றும் பார்க்க வேண்டும் என்றது.

தூக்குத் தண்டனை கொடுத்த பிறகு மனநோய்னு சொன்னா ஏத்துப்பாங்களா?

ராமன் ராகவ் வழக்கைப் பாருங்கள். 1960-களில் பம்பாயின் நடைபாதைகளிலும் குடிசைகளிலும் தூங்கியவர்களை அடித்துக் கொன்றவர், 1968-ல் பிடிபட்டார். போலீஸ் தரப்பு மருத்துவர் மனநோய் இல்லை என்றார். எதிர்த்தரப்பு மனநல மருத்துவர், பாரனாய்டு ஸ்கிசோஃப்ரினியா என்றார். இந்த உலகம் ஒன்று, 'கானூன்' என்ற உலகம் ஒன்று என்று இரண்டு உலகங்கள் இருப்பதாக ராமன் நம்பினார். நாட்டின் சட்டப்படி கொலை குற்றம் என்று அவருக்குத் தெரியும், ஆனால் தன் கானூன்படி தான் செய்தது சரி என்று நம்பினார். 84-ஆம் பிரிவுக்கு இதைவிடக் கடினமான சோதனை கிடைக்காது. செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பின்னர் மூன்று மனநல மருத்துவர்கள் கொண்ட குழு அவரை ஐந்து முறை, முறைக்கு இரண்டு மணி நேரம் சந்தித்தது. கடைசி நாளில் கைகுலுக்க நீட்டிய கையை அவர் தொடவில்லை. தான் கானூனின் பிரதிநிதி, இந்தப் பொல்லாத உலகத்தவரைத் தொடமாட்டேன் என்றார். தீராத மனநோய் என்ற அடிப்படையில் 1987-ல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 1995-ல் புனேயில் இறந்தார்.

இன்று சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. சத்ருகன் சவுகான் வழக்கில் 2014-ல், மரண தண்டனையை ஆயுளாகக் குறைக்க மனநோயும் ஒரு காரணம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், மரண தண்டனைக்குரிய குற்றங்களில், குற்றம் சாட்டப்பட்டவரின் மனநல, உளவியல் மதிப்பீட்டை அரசு முடிந்தவரை முன்கூட்டியே எடுத்து, செஷன்ஸ் நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும் என்றது. முதல் சில நாட்களின் குறிப்புகளைப் பற்றி மேலே சொன்னதுதான் இங்கும் காரணம்.

எங்க தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா இருக்கு. இதையெல்லாம் படிச்சா பயமா இருக்கே?

நோய் என்பதற்காகப் பயப்படாதீர்கள். மனநோய் உள்ளவர்கள் வன்முறை செய்வதை விட வன்முறைக்கு ஆளாவதே அதிகம். கவனிக்க வேண்டியது சில குறிப்பிட்ட விஷயங்கள்: மருந்தை நிறுத்திவிடுவது, குடியோ கஞ்சாவோ சேர்வது, குறிப்பிட்ட ஒருவர் தன்னைக் கொல்லப்போகிறார் என்ற நம்பிக்கை இறுகிக்கொண்டே போவது, கையில் ஆயுதம் வைத்துக்கொள்வது. இப்படி எதையாவது கண்டால் வாதாடாதீர்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். டெலி-மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு உறையில் தேதி வாரியாக வையுங்கள்.

அவர்தான் செஞ்சார், ஆனா மனநோய்னு விடுதலை. செத்தவங்க குடும்பத்துக்கு என்ன நியாயம்?

இந்தக் கேள்வி கேட்பவர்களின் கோபம் நியாயமானது. விடுதலை என்றால் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடுகிறார் என்று நினைக்க வேண்டாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 373-ஆம் பிரிவுப்படி, இப்படி விடுவிக்கும் தீர்ப்பில் அந்தச் செயலை அவர் செய்தாரா இல்லையா என்பதை நீதிபதி குறிப்பிட்டே ஆக வேண்டும். செய்தார் என்று பதிவானால், 374-ஆம் பிரிவுப்படி பாதுகாப்பான காவலில் வைக்கப்படுவார். அல்லது, அவர் யாருக்கும் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வதாகப் பிணை கொடுக்கும் உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைக்கப்படுவார். நோயாளியாக அவர் அடைபட்டிருக்கும் காலம் சில நேரம் தண்டனைக் காலத்தை விட நீண்டுவிடுகிறது.

இறந்தவரின் குடும்பத்துக்கும் வழி உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவர் தரப்புக்கு அதே சன்ஹிதாவின் 413-ஆம் பிரிவில் இருக்கிறது. 396-ஆம் பிரிவுப்படி, வழக்கு விடுதலையில் முடிந்தாலும் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். தீர்ப்பு நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு போய்க் கேளுங்கள்.